லாஸ்கர் மேடையில் இல்லாத மாணவி

பிஎச்டி மாணவர்களுக்கு எதற்குத் தனியாக விருது, பட்டம் கிடைத்தால் போதாதா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கேண்டஸ் பெர்ட் என்று ஒருவர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரிடம் பிஎச்டி செய்துகொண்டிருந்தார். அங்கே சேர்வதற்கு முன்னால் குதிரையிலிருந்து விழுந்து, வலி தாங்க மார்ஃபின் போட்டு மருத்துவமனையில் கிடந்தவர். அந்த மார்ஃபின் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது? அதற்கென்று ஒரு ரிசெப்டார், அதாவது மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி, இருந்தாக வேண்டும் என்று பலரும் நம்பினார்கள், ஆனால் எடுத்துக்காட்ட முடியவில்லை. பெர்ட் கடைசியில் மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கையில் எடுத்தார். அதில் கதிரியக்கம் ஏற்றி, அரைத்த மூளைத் திசுவோடு கலந்து, ஒட்டாததையெல்லாம் வடிகட்டியில் குளிர்ந்த கரைசல் ஊற்றிச் சட்டென்று கழுவிவிட்டு, மிஞ்சிய கதிரியக்கத்தை அளக்க வேண்டும். நானும் லேபில் இருந்தபோது எது எதோடு ஒட்டுகிறது என்று பார்க்கும் இந்த மாதிரி பைண்டிங் சோதனைகள் செய்திருக்கிறேன், கழுவுவதில் கொஞ்சம் பிசகினாலும் அன்றைய வேலை முழுக்க வீண், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், நான்தான் விடாமல் செய்தேன் என்று பெர்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

1973 மார்ச்சில் அந்த ரிசெப்டாரை எடுத்துக்காட்டிய கட்டுரை சயின்ஸ் இதழில் வந்தது. இரண்டே பெயர்கள், பெர்ட், ஸ்னைடர். வழக்கமாக வேலையை அதிகம் செய்தவருக்குப் போகும் முதல் பெயர் பெர்ட்.

1978இல் இந்தத் துறைக்கு, அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆராய்ச்சி விருதான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். மூன்று பேருக்கு: ஸ்னைடர், ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ், ஜான் ஹியூஸ். மூளை தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருளை 1975இல் கண்டுபிடித்தவர்கள் அந்த அபர்டீன் ஆட்கள். கோஸ்டர்லிட்ஸ் மூத்தவர், ஹியூஸ் இளையவர், அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ஹியூஸுடையது. சரி, அங்கே மூத்தவரோடு இளையவரையும் சேர்க்கத் தெரிந்த விருதுக் குழுவுக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இருக்கும் பால்டிமோரிலிருந்து வந்த கட்டுரையின் முதல் பெயர் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? அவர் மாணவி, அவ்வளவுதான் காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெர்ட் சும்மா இருக்கவில்லை. இந்த ஆய்வைத் தொடங்கியதிலும் கொண்டுபோனதிலும் எனக்கு முக்கியப் பங்கு உண்டு, என்னை விட்டது கோபமாக இருக்கிறது என்று அந்த விருதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேரி லாஸ்கருக்கே எழுதினார். அதற்குப் பிறகு அவரைச் சண்டைக்காரி என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

கைடுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவே மாட்டேன். பணம், இடம், அனுபவம், பல நேரம் கேள்வியே அவரிடமிருந்துதான் வருகிறது. அதனால் பங்கு போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெரிய விருதுகள் அதைச் செய்யாதவரை மாணவர்களுக்கென்றே இருக்கும் விருதுகள் எனக்கு முக்கியம். அமெரிக்காவின் நரம்பு அறிவியல் கழகம் (Society for Neuroscience) நடத்தை சார்ந்த மூளை ஆய்வில் நல்ல தீசிஸுக்கு லிண்ட்ஸ்லி பரிசு தருகிறது. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்ச் ஆய்வு மையம் 2000லிருந்து ஹரால்ட் வைன்ட்ராப் பெயரில் உயிரியல் மாணவர்களுக்கு விருது தருகிறது. வைன்ட்ராப் 49 வயதில் மூளைப் புற்றுநோயில் இறந்த விஞ்ஞானி. அந்த விருது வாங்கும் மாணவர்கள் அங்கே போய்த் தங்கள் ஆய்வைத் தாங்களே பேசுகிறார்கள். எனக்கு அதில் பணத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மற்ற இடங்களில் அந்த ஸ்லைடுகளைப் பெரும்பாலும் கைடுதான் காட்டுவார்.

ஆனால் இப்படிப்பட்ட பல விருதுகளுக்குக் கைடோ துறையோ பரிந்துரைத்தால்தான் போக முடியும். என் லேபில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். ஆறு வருடம், எலி மூளையில் மின்முனை வைத்து இரவெல்லாம் பதிவெடுப்பார். ஒரு தீசிஸ் விருதுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு மூன்று முறை போனார், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே கடைசித் தேதி போய்விட்டது. மாணவரே விண்ணப்பிக்கட்டும், எந்தச் சோதனையை யார் செய்தார்கள் என்று லேபில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கூட வைக்கட்டும், இதில் என்ன கஷ்டம்?

அக்கா இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது லேப் வாசலைப் பார்த்தேன். அவர் எடுத்த பதிவுகளின் படம் பெரிதாகச் சுவரில் மாட்டியிருக்கிறது, கீழே லேபின் பெயர் மட்டும் போட்டிருக்கிறார்கள்.