நடிகர் வருகிறார், முதலில் பணம் போடுங்கள்

நடிகரைக் கடைத் திறப்புக்கு அழைத்து வருவதாகச் சொல்லி முன்பணத்தோடு மறையும் ஆசாமிகளைப் பற்றிய கட்டுரை, ஏமாந்தவர்களின் ஆசையைத்தான் அதிகம் பேசுகிறது. அது கொஞ்சம் அநியாயம். கோலாலம்பூர் செந்தூலில் சின்ன மண்டபம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரிய அரங்குக்காரர்களுக்கு வக்கீல் இருக்கிறார், எங்களுக்கு வாட்ஸ்அப்தான். நடிகரோடு எடுத்த செல்ஃபி, சென்னை எண், முத்திரை குத்திய ஒப்புதல் கடிதம் எல்லாம் வரும். கூடவே, "இன்றைக்கே பாதிப் பணம் போட்டால்தான் தேதி அண்ணே, ஈப்போவில் வேறொருவர் கேட்கிறார்" என்ற அவசரமும்.

வெளிநாட்டுக் கலைஞர் இங்கே மேடையேற, அதற்கான அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் எந்த நிறுவனத்தின் பெயரில் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு. நிறுவனத்தின் பெயர் இல்லாமல் யாரோ தனி ஆளின் பெயர் இருக்கும். மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் அது நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம். பணம் போய்விட்டதா, உடனே மோசடிப் புகார் எண் 997-ஐக் கூப்பிடுங்கள். மானம் போகுமே என்று மறுநாள் வரை யோசித்தால் அந்தப் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.