பதில் சொல்ல வேண்டியது அந்தத் தீவு அல்ல

சனிக்கிழமை பட்டிமன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார், எந்த மேடை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, அங்கங்கே தடுமாறினாலும் நல்ல தமிழில், அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தும் மாநிலமாக இல்லாத, ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லாத கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவுக்கு மாநிலத் தகுதி கொடுக்க வேண்டும் என்று பேசினாள். வருடங்களையும் எண்களையும் அட்டையில் எழுதி எடுத்துவந்திருந்தாள். நடுவர் அவளுக்குச் சொன்ன பதில் இரண்டே வாக்கியம். "அவங்களுக்கே என்ன வேணும்னு தெரியலையேம்மா. வரி கட்டாம சும்மா சாப்பிடுறவங்களுக்கு ஓட்டு எதுக்கு?" அரங்கமே சிரித்தது. அவள் அட்டையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

நடுவர் எனக்கு அண்ணன் மாதிரி. என் கல்யாணத்துக்கு வந்தவர். அதனால்தான் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். என்ன வேண்டும் என்று தெரியாதவர்களா? 1967, 1993, 1998, 2012, 2017, 2020, 2024. ஏழு முறை அந்த மக்களிடம் கேட்டாகிவிட்டது. 1967இல் இப்போதிருக்கும் ஏற்பாடே போதும் என்று 60 சதவீதம் பேர் சொன்னார்கள். 1998இல் 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. சரி, அப்போது மனம் ஒருமிக்கவில்லை. 2012இலிருந்து நான்கு வாக்கெடுப்பிலும் மாநிலத் தரப்புதான் முன்னால் நிற்கிறது. 2020இல் சுற்றி வளைக்காமல் வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டார்கள். 52.5 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2024இல் மாநிலம், சுதந்திரம், இரண்டுக்கும் நடுவில் ஓர் உறவு என மூன்றை வைத்தார்கள். செல்லுபடியான வாக்குகளில் 58 சதவீதத்துக்கு மேல் மாநிலத்துக்கு.

இந்த ஏழில் ஒன்றுகூட வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது. ஒரு பிரதேசத்தை மாநிலமாக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் காங்கிரஸ் இதுவரை 'நீங்கள் இதைத் தேர்ந்தெடுத்தால் நாங்கள் நிறைவேற்றுகிறோம்' என்று உறுதி கொடுத்து ஒரு வாக்கெடுப்பும் நடத்தியதில்லை. 2022 டிசம்பரில் அப்படி ஒரு மசோதா கீழவையில் 233க்கு 191 என்று நிறைவேறியது. மேலவையான செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. பெண் வீட்டார் சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் வாயே திறக்கவில்லை. இதில் அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று ஊர் பேசினால் நியாயமா? அந்தத் தீவு சொல்லிவிட்டது. பதில் சொல்லாமல் இருப்பது வாஷிங்டன்.

'2017இல் 23 சதவீதம் பேர்தானே வாக்களித்தார்கள்?' என்று கேட்பீர்கள். ஆமாம், எதிர்த்தரப்பு புறக்கணித்தது. அதில் வந்த 97 சதவீதத்தை நான் எங்கும் வாதமாக வைப்பதில்லை. 2012இலும் 2024இலும் ஏராளமானோர் வெற்றுச்சீட்டு போட்டார்கள், அதுவும் தெரியும். அதனால்தான் ஆம், இல்லை என்று கேட்ட 2020ஐ முன்னால் வைக்கிறேன். பொதுத்தேர்தல் நாளிலேயே நடந்தது, பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் வந்தார்கள். 52.5 என்பது சின்னப் பெரும்பான்மை என்கிறீர்களா? இந்த நாட்டில் அதைவிடக் குறைவாக வாங்கியவர்கள் ஜனாதிபதியாகி நாலு வருடம் ஆண்டிருக்கிறார்கள்.

அடுத்து வரி. தீவில் சம்பாதிக்கும் பணத்துக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வருமான வரி இல்லை, அது உண்மை. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற ஓய்வூதிய, முதியோர் மருத்துவப் பிடித்தம் நம் சம்பளத்தில் போவது போலவே அவர்கள் சம்பளத்திலும் போகிறது. ஃபெடரல் அரசு ஊழியர்கள் வருமான வரியும் கட்டுகிறார்கள். தீவு அரசின் வருமான வரி தனி. கடைக்குப் போனால் 11.5 சதவீத விற்பனை வரி. நாம் இருக்கும் ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது என்பதை அந்த மேடையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வரிதான் ஓட்டுக்கு அளவுகோல் என்றால் வாஷிங்டன் டி.சி.காரர்கள் எல்லா வரியும் கட்டுகிறார்கள், அவர்களுக்குக் காங்கிரஸில் வாக்குள்ள உறுப்பினர் உண்டா? நம் அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்து குடியுரிமையும் வாங்கி, ஒரு டாலர் வருமான வரி கட்டாமல் நம்மோடு இருக்கிறார்களே, அவர்கள் ஓட்டுப் போடப் போகும்போது யாராவது 'சும்மா சாப்பிடுகிறார்கள்' என்று சிரித்தோமா?

அந்தச் 'சும்மா' என்ற வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒருவர் முகம் உடனே வந்துவிட்டது.

நான் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மீயில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் புவேர்ட்டோ ரிக்கோவின் ஊத்துவாடோ என்ற மலையூரைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். 2017இல் தீவைத் தாக்கிய மரியா புயலுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்தவர். எங்களுக்குக் குழந்தை பிறந்த வாரத்தில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் நிறையச் சோறு கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் பச்சைத் துவரை போட்ட சோறு! துவரங்காய் உரித்துச் சோற்றில் போட்டுக் கிளறுவது எங்கள் அம்மா செய்வது. உலகத்தின் இன்னொரு மூலையில் அதையே பண்டிகைச் சாப்பாடாகச் செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். அவர் கணவர் வியட்நாம் போருக்குப் போனவர். எந்த ஜனாதிபதி அனுப்பிப் போனாரோ அந்த ஜனாதிபதிக்கு எதிராகவோ ஆதரவாகவோ ஓட்டுப் போடும் உரிமை அவருக்கு இல்லை.

2020 நவம்பரில் அந்த அம்மா முதன்முதலாக ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டார். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொட்டு, இது யாருக்கு, இது எதற்கு என்று கேட்டார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், பரீட்சை எழுதிக் குடியுரிமை வாங்கியவன், அவருக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்டு முடித்தவன். அவர் பிறந்ததே அமெரிக்கக் குடிமகளாக. 1917லிருந்து அந்தத் தீவில் பிறக்கும் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. நான் நாளைக்கே மதுரைக்குத் திரும்பிப் போய்க் குடியேறினாலும் அமெரிக்கக் குடிமகன் என்ற முறையில் ஃபுளோரிடா வாக்காளராகத் தபாலில் ஓட்டுப் போடலாம், வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு அப்படிச் சட்டம் இருக்கிறது. விண்வெளி நிலையத்திலிருந்து ஓட்டுப் போட்டவர்களே இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா ஊத்துவாடோவுக்குத் திரும்பிப் போனால் அந்த உரிமை போய்விடும். நடுவரே நாளைக்கு அந்தத் தீவின் தலைநகர் சான் ஹுவானில் வேலை கிடைத்து வீடு மாறினால் அவருக்கும் போய்விடும். ஆளும் குடியுரிமையும் அதேதான், ஊர் மட்டும் மாறியது. இதற்கு ஒரு நியாயம் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இது ஓட்டோடு நிற்பதும் இல்லை. நியூயார்க்கில் இருந்தபோது எஸ்.எஸ்.ஐ. என்ற ஃபெடரல் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த, உடல்நலம் கெட்ட ஒரு மனிதர் 2013இல் தீவுக்குக் குடிபெயர்ந்தார். பணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அங்கே வசிப்பவருக்கு அது கிடையாது என்று சொல்லி, 28,081 டாலரைத் திருப்பிக் கொடு என்று அரசாங்கம் அவர் மேல் வழக்குப் போட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி சோனியா சோட்டோமேயர், பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி கோர்சச் கூட, இந்தத் தீவுகளை நடத்தும் முறைக்கு அடித்தளமான பழைய வழக்குகள் இன வெறுப்பில் எழுதப்பட்டவை, அவற்றைத் தூக்கியெறிய வேண்டும் என்று தனியாக எழுதினார்.

அந்தப் பழைய வழக்குகளில் முக்கியமானது 1901இல் வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி போடலாமா என்பதுதான் கேள்வி. மூன்று வருடம் முன்னால், 1898இல், ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்தாயிற்று. அப்படியிருந்தும், உள்நாட்டு அர்த்தத்தில் அது அமெரிக்காவுக்கு அந்நியம், அதாவது அமெரிக்காவுக்குச் சொந்தம் ஆனால் அதன் பகுதி அல்ல, என்று ஒரு நீதிபதி எழுதினார். வரி போடலாம் என்று முடிந்தது. அந்த ஆரஞ்சுப் பழ வழக்கின் நிழலில்தான் இன்றைக்கும் 32 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

'ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு செனட்டர் கூடுவார்கள், அதற்காகத்தான் இந்த நாடகம்' என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. இப்போதைய கவர்னர் ஜெனிஃபர் கோன்சாலெஸ் குடியரசுக் கட்சிக்காரர், மாநிலத் தகுதி கேட்பவர். 1976 கடைசி நாளில் மாநிலமாக்கலாம் என்று அறிவித்த ஜெரால்ட் ஃபோர்டு குடியரசுக் கட்சி ஜனாதிபதி. 1959இல் அலாஸ்காவையும் ஹவாயையும் சேர்த்தபோது அலாஸ்கா ஜனநாயகக் கட்சிக்குப் போகும், ஹவாய் குடியரசுக் கட்சிக்குப் போகும் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. அப்படியே இரண்டு பேர் கூடினால்தான் என்ன? ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கிற்கு இரண்டு செனட்டர் இருக்கிறார்கள்.

நடுவர் புதுச்சேரிக்காரர். தன் ஊருக்கு மாநிலத் தகுதி கிடைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் டெல்லி அனுப்பும் துணைநிலை ஆளுநர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டு நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் அண்ணே, புதுச்சேரிக்கு மக்களவையில் வாக்களிக்கும் எம்.பி. இருக்கிறார். அந்தமானுக்கும் இருக்கிறார். புவேர்ட்டோ ரிக்கோ அனுப்பும் ஒரே பிரதிநிதி அவையில் பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம், மசோதா நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் கை தூக்க முடியாது. இந்த வலி உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதனால்தான் மற்ற யார் சிரித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு பட்டிருக்காது.

அடுத்தது என் இடதுசாரி நண்பர்கள். 'நீ தமிழனாக இருந்துகொண்டு சுதந்திரத்தை ஆதரிக்காமல் இணைப்பை ஆதரிக்கலாமா?' என்று ஞாயிற்றுக்கிழமையே மெசேஜ் வந்துவிட்டது. சுதந்திரம் கேட்டவர்களை நான் கேவலமாகப் பேசியதே இல்லை. 1937இல் போன்சே நகரத்தில் குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டதையும், 1948இலிருந்து 1957 வரை தீவின் கொடியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் இருந்ததையும் படித்தவன் அப்படிப் பேச முடியாது. மொழி போய்விடும் என்ற பயமும் எனக்குப் புரிகிறது, அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1940களின் கடைசி வரை பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைத் திணித்துப் பார்த்தார்கள், அந்த அம்மாவின் பேத்திகள் இன்றைக்கும் சண்டை போடுவது ஸ்பானிஷில்தான். 2024இல் சுதந்திரத்துக்கு விழுந்தது சுமார் 12 சதவீதம். நாளைக்கு அது 60 ஆனால் என் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு அதற்கும் கை தட்டுவேன். அப்போதும் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அதே காங்கிரஸ்தான். அந்த இடத்தில் நாம் எல்லாரும் ஒரே பக்கம், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

2017 செப்டம்பர் 20 மரியா புயல். செத்தவர்கள் 64 பேர் என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறு வருடம் ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு தீவு அரசே 2,975 என்று ஒப்புக்கொண்டது. புயல் அடித்த நாளில் செத்தவர்களைவிட, கரண்ட் இல்லாமல், டயாலிசிஸ் இல்லாமல், ஆக்சிஜன் இல்லாமல் பிற்பாடு செத்தவர்கள் அதிகம். ஊத்துவாடோவில் பாலம் அடித்துக்கொண்டு போன ஒரு பகுதியில், கடைத் தள்ளுவண்டியைக் கம்பியில் தொங்கவிட்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் சாப்பாடும் தண்ணீரும் இழுத்தார்கள். 'மறக்கப்பட்டவர்களின் முகாம்' என்று தங்கள் இடத்துக்கு அவர்களே பெயரும் வைத்தார்கள். அந்த அம்மாவின் கணவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ் ஓடவில்லை, ஐஸ் கட்டிக்காக விடியற்காலையிலேயே வரிசையில் நின்றதை அந்த அம்மா என்னிடம் சொன்னபோது அழவில்லை. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபுளோரிடாவில் புயல் அடித்தால் இரண்டு செனட்டர்களும் மறுநாள் கேமரா முன்னால் நிற்கிறார்கள், ஏனென்றால் நம்மிடம் ஓட்டு இருக்கிறது. அவர்களுக்காக நிற்க அங்கே ஒரு செனட்டரும் இல்லை.

'மாநிலமானால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா, 7,000 கோடி டாலர் கடன் வைத்தது யார்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊழல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2016இல் காங்கிரஸ் சட்டம் போட்டு ஒரு மேற்பார்வைக் குழுவை உட்கார வைத்தது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு என்பதில் கடைசி வார்த்தை அந்தக் குழுவினுடையது. அதில் ஒருவரைக்கூடத் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கடன்பட்டவனுக்கு ஓட்டுரிமை கிடையாது என்றால் நம்மில் எத்தனை பேர் மிஞ்சுவோம்?

அமைப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அந்த வீடியோவை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது அந்தப் பெண் பேசிய முழுப் பகுதியையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவளுக்கு, யாரும் குறுக்கே பேசாமல், பத்து நிமிடம் கொடுங்கள்.

இதைப் படிக்கும் ஃபுளோரிடா வாக்காளர்களுக்கு: உங்கள் இரண்டு செனட்டர்களும் இந்த விஷயத்தில் வாக்களிக்கக் கூடியவர்கள், அந்தத் தீவில் இருப்பவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. வாக்கெடுப்பு நடத்தி அதன் முடிவை ஏற்றுக்கொள்ளும் மசோதாவை ஆதரிக்கிறீர்களா இல்லையா என்று அவர்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். கடிதத்தின் நகல் வேண்டுபவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், பெயரை மட்டும் மாற்றி நீங்களும் அனுப்பலாம்.