ஐப்பசி மழையும் நாகர்கோவில் ஞாயிற்றுக்கிழமையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நாகர்கோவில்காரர்களில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது திருவனந்தபுரம் மால்தான். கேட்டால், "மழையில வேற எங்க போக?" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர் சுற்ற ஆகச் சிறந்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக ஆளைத் தள்ளிய ஆடிக் காற்று அடங்கியிருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் உறைக்காது. மழையின் நேரத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

அக்டோபர் மழைக்கு ஒரு முறை உண்டு. காலை வெயிலில் நிலம் சூடேறி, மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். அதனால் காலையில் வெளியே சுற்றலாம், மதியத்துக்குப் பின் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். நவம்பரில் கடலில் தாழ்வுநிலை வந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. நாள் முழுக்க ஊற்றும். அந்த நாளுக்கு அடுப்படி வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் உடை. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், மறுநாள் வரை காயாது. மெல்லிய கைத்தறிதான் இந்தக் காலத்துக்கு அழகு, அதுவும் கருநீலமோ பாக்கு நிறமோ. வெள்ளை வேட்டிக் கரையில் செம்மண் தெறித்தால் கறை போகாது. குடை, நீளக் காம்பு வைத்த கறுப்புக் குடையாக இருக்கட்டும். மூன்றாக மடக்கும் குடையோடு மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஏறிப் பாருங்கள். கால்வாய்த் தண்ணீரைப் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுபோக 1966இல் கட்டிய அந்தப் பாலம் 115 அடி உயரம். மேலே வீசுகிற காற்றில் குடைக் கம்பிகள் மேல்நோக்கி மடங்கிவிடும்.

காலையை தோவாளை பூச்சந்தையில் தொடங்கச் சொல்வேன். ஆறு மணிக்குள் போய்ச் சேருங்கள். பிச்சிப்பூ வாங்கும்போது மொட்டு இறுகி, வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். மழைநாளில் ஒரு கை பூவை அள்ளி மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளங்கை நனைந்தால் வேண்டாம். தண்ணீரின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள், சாயங்காலத்துக்குள் பூ பழுப்பேறிவிடும். பாலித்தீன் பையில் பூ வியர்த்து அழுகும், வாழையிலையில் பொதிந்து வாங்குங்கள். மாணிக்கமாலை கட்டுகிறவர்களை நின்று கவனிக்காமல் வராதீர்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை மடித்து மடித்து நாரால் இறுக்கி, பாய் முடைந்ததைப் போலத் தட்டையாகக் கொண்டுவருவார்கள். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை அது. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து ரோஜா மாலை வரவழைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கிருந்து தேரூர். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த நீர்நிலைகளுக்கு உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் 2022இல் கிடைத்தது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் ஒன்று போதும். அதற்குமேல் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி குளத்தின் கிழக்குக் கரையில் நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். குளம் நிறைந்து வழிந்தால் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளைத் தேடிப் பயனில்லை. அவற்றுக்குக் கணுக்கால் ஆழச் சேறு வேண்டும், பக்கத்து வயலுக்கோ மணக்குடி உப்பளத்துக்கோ போய்விடும். வாத்தினங்களையும் நீர்மேல் தாழப் பறக்கும் ஆலாக்களையும் பாருங்கள்.

மதியத்துக்கு மேல் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால் லேஸ் கட்டும் ஷூவும் ஈரச் சாக்ஸும் தொந்தரவு. மழை பிடித்ததும் அரண்மனைக்குள் இருக்கும் தாய்க்கொட்டாரத்து நடுமுற்றத்துக்குப் போய்விடுங்கள். நாலுபக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் உள்ளே இறங்கும். எந்த மாலும் இதற்கு ஈடாகாது.

திற்பரப்பு அருவிக்குப் புறப்படும் முன் பேச்சிப்பாறை அணை நிலவரத்தைப் பாருங்கள். உபரிநீர் திறந்தால் குளிக்க விடமாட்டார்கள்.

இனி அடுப்படி. திருக்கார்த்திகைக்கு நம் வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டைதான். வறுத்த பச்சரிசி மாவு அரைக் கிலோ, கருப்பட்டி 350 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், வறுத்து அரைவேக்காடாக எடுத்த சிறுபயறு 100 கிராம், ஏலக்காய் ஆறு, சுக்குப்பொடி அரை ஸ்பூன். கருப்பட்டியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். மாவோடு மற்றதையெல்லாம் கலந்து வைத்து, பாகைச் சூடாகவே, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றிக் கிளற வேண்டும். பிடித்தால் பிடி நிற்கணும், கையில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். தண்ணீர் கூடினால் ஓலைக்குள் கூழாகி வழியும், குறைந்தால் நடுவில் வெடித்துக் கல்லாகிவிடும். மாவை வறுக்காமல் விட்டால் பல்லில் ஒட்டும்.

பனங்குருத்தோலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஈரத்துணியால் துடைத்து, மடிப்புக்குள் மாவை வைத்து மேலே இன்னொரு ஓலை கவிழ்த்து, ஓலை நாராலேயே கட்டுங்கள். முற்றிய ஓலை மடிக்கும்போதே கிழியும். ஆவியில் அரை மணி நேரம். இறக்கியதும் பிரித்தால் பாதி ஓலையோடு வந்துவிடும், பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இட்லித் தட்டில் வைத்து வாழையிலையில் செய்கிறவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அந்த ஓலை வாசனை வராது. கார்த்திகைக்கு முந்தின நாள் வடசேரி சந்தையில் ஓலைக்கட்டு கிடைக்கும், மதியத்துக்குள் போனால்தான் இளசாக அமையும்.

வெளிநாட்டுப் படங்களில் வருவது மாதிரி செம்பு நிற இலை உதிர்வதுதான் வேண்டுமென்றால், மார்கழிக் கடைசி வரை பொறுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்கள் இலை நிறம் மாறிக் கொட்டத் தொடங்கும். தையில் தோட்டமே சருகுமெத்தையாகக் கிடக்கும். தனியார் தோட்டமானால் கேட்டுவிட்டு நுழையுங்கள். ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டிய சிரட்டையில் கை வைக்காதீர்கள், சருகுக்குப் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்காதீர்கள்.