கட்டில் சர்க்கரையைக் குறைக்காது

சூடாகி, உருளைகளால் முதுகைப் பிசையும் மசாஜ் கட்டிலில் இலவசமாகப் படுக்கவைக்கும் மையம் ஒன்றில் எடுத்த அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "நாற்பது நாள் கட்டிலில் படுத்தேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று அந்த அம்மா மைக்கில் சொல்கிறார். கூடமே கைதட்டுகிறது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. கைதட்டப் பழக்கியவர்கள்மீதுதான் கோபம்.

மசாஜ் இயந்திரத்துக்கு நான் எதிரி அல்ல. வணிக வளாகத்து நாற்காலியில் நூறு ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, கண்ணை மூடி, குறட்டைகூட விட்டிருக்கிறேன். உருளை முதுகில் ஏறி இறங்கும்போது இறுகிய தசை தளர்கிறது, வலி கொஞ்ச நேரம் அடங்குகிறது. அவ்வளவுதான். கட்டில் சர்க்கரையைக் குறைக்காது.

"எழுந்ததும் சோதித்தேன், குறைந்திருந்தது" என்கிறார் ஒருவர். ஐயா, வெறும் வயிற்றோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து போனீர்களே, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா? இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

எங்கள் அம்மாவும் இப்படியொரு மையத்துக்குப் போனார். காலை ஏழு மணிக்கே டோக்கன். ஒரு நாள் இரவு அவர் குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். "எறும்பு கடித்திருக்கும்" என்றார். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்ட காலுக்குச் சூடு உறைக்காது. கட்டிலில் கால் வைக்கும் இடத்தில் வெப்பம் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மூன்று வாரத்து மாத்திரைகள் அப்படியே இருந்தன.

காலில் ரத்தம் உறைந்திருப்பவரை அழுத்திப் பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். எலும்பு தேய்ந்தவர், பேஸ்மேக்கர் வைத்தவர் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் படுக்கவே கூடாது. இதையெல்லாம் அம்மாவிடம் அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தார்களாம்.

நோட்டீஸில் "சர்க்கரை குணமாகும்" என்று அச்சடிக்க மாட்டார்கள், கவனித்தீர்களா? அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் நம் வீட்டுப் பெரியவர்களின் வாயால் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். எவ்வளவு சிக்கனமான விளம்பரம்!

நான் ஆங்கில மருத்துவத்தின் கைக்கூலியாம். கூலி இன்னும் வந்து சேரவில்லை, விசாரித்துச் சொல்லுங்கள். மருத்துவமனைகள் கொள்ளையடிக்கவில்லையா என்றால், அடிக்கிறார்கள். அதனால் கட்டில் சர்க்கரையைக் குறைத்துவிடுமா? இலவசம்தானே என்றால், படுப்பதற்கு இலவசம். வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றே முக்கால் லட்சம். வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகையை எடுத்துத் தரச் சொல்லி அம்மா என்னிடம் நான்கு நாள் பேசவில்லை.

"பெற்றவளிடம் அரை மணி நேரம் பேசாத பிள்ளைகள்தான் அந்த மையத்தைக் குறை சொல்வார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். என்னோடு படித்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவன் நான். மருந்து வாங்குவது யார்? அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியது யார்? அந்த மையத்துப் பையனா வந்தான்?

ஆனால் அந்தப் பையன் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவானாம். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்பானாம். நான் மாத்திரை போட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறேனாம். இதை அம்மாவே சொன்னார். சரி, அது என் தப்பு. அதை என் வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன். அன்பாகப் பேசினான் என்பதற்காக அவன் சொன்ன பொய் மருந்தாகிவிடாது.

வீடியோவில் பேசிய அம்மாவின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இன்று இரவே அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் தயவுசெய்து பன்னிரண்டாவது முறையாக அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள்.