இயேசு மறுபிறவியைப் போதித்தாரா? உண்மை விளக்கம்

'இயேசு மறுபிறவியைப் போதித்தார். கி.பி. 325-இல் நைசியா சங்கம் (கிறிஸ்தவ ஆயர்களின் மாநாடு) அதை பைபிளிலிருந்து நீக்கிவிட்டது' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. ஆதாரமாகக் காட்டுவது யோவான் சுவிசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் வரும் 'மறுபடியும் பிறவாவிட்டால்' என்ற வசனம். இது தவறு.

இன்னும் இரண்டு வசனம் தள்ளி வாசித்தாலே போதும். வயதானவன் திரும்பவும் தாயின் வயிற்றில் போய்ப் பிறக்க முடியுமா என்று இயேசுவிடம் பேச வந்த யூதத் தலைவர் நிக்கொதேமு கேட்கிறார். இயேசுவோ ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறப்பதைச் சொல்கிறார். அதாவது இதே உடம்பில், இந்த வாழ்நாளிலேயே, தேவ ஆவியால் மனிதன் புதிதாவது. அப்புறம் விசுவாசத்தால் வாழ்வது. செத்த பிறகு வேறு உடல் எடுக்கும் பேச்சே அங்கே இல்லை. மனிதர் ஒரே தரம் மரிப்பதாக எபிரெயர் 9:27 தெளிவாகவே சொல்கிறது.

சரி, நைசியா? அங்கே பேசியது இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனை, ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்கு. அதன் 20 விதிகளில் மறுபிறவி இல்லை. நைசியாவுக்கும் முந்தையது என்று அறிஞர் பலர் கணிக்கும் பாப்பிரஸ் 66 என்ற கையெழுத்துப் படியிலும் நிக்கொதேமுவோடு நடந்த இந்த உரையாடல் இருக்கிறது.

சிலர் ஆதிகாலக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆன்மா பிறப்புக்கு முன்பே இருந்ததாக அவர் கருதியது உண்மை. ஆனால் அது உடல்விட்டு உடல் மாறும் என்பதைத் தன் மத்தேயு விளக்கவுரையில் அவரே மறுத்திருக்கிறார்.