கைபேசி ஆப் பச்சிளம் குழந்தைக்கு எச்.ஐ.வி பார்த்துச் சொல்லாது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கென்யாவில் தாய்மாரின் கைபேசியே பிள்ளைக்கு எச்.ஐ.வி இருக்கிறதா என்று காட்டிவிடுகிறது, இனி இரத்தம் எடுக்கத் தேவையில்லை."

இது பிழை. கென்யாவில் இருப்பது ஒரு கண்காணிப்பு முறை. பரிசோதனை முடிவு வந்ததும், அடுத்த சோதனைக்கு நாள் வந்ததும் தாய்க்குக் குறுஞ்செய்தி போகும், அவ்வளவுதான். சோதனை நடப்பது ஆய்வுகூடத்தில், குழந்தையின் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளிகளில். தாயின் எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குபவை) பிள்ளையின் உடலில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். அதனால் அந்த எதிர்ப்பொருள்களைத் தேடும், பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண சோதனை குழந்தைக்குப் போதாது. வைரஸையே தேடும் பி.சி.ஆர் என்ற சோதனை வேண்டும். பிறந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் அதைச் செய்ய வேண்டும். ஆப்பை நம்பி அந்த வாரங்களைத் தவறவிட்டால் சிகிச்சை பிந்திவிடும். எனக்குப் பயம் அதுதான்.

சரி, நம் நாட்டில்? கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் எச்.ஐ.வி சோதனை இலவசம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. அது இரத்தம் பார்த்தும் மருந்து கொடுத்தும் வந்த பலன்.

சந்தேகமிருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள் அக்கா, தங்கச்சிமாரே.