சனிக்கிழமைச் சம்பளம்

என் பெரியவன் போன வாரம்தான் துணைத் தேர்வு எழுதி முடித்தான். ஜூன் கடைசியில் பிளஸ் டூ பேப்பர் ஆறு, அப்புறம் ஜூலையில் பிளஸ் ஒன் அரியர் இரண்டு. அவனோடு படித்தவர்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் போய்விட்டார்கள். இவன் ஒரு வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து எழுதியிருக்கிறான். "பையன் மனசை எப்படிக்கா மாத்துனீங்க?" என்று திருப்பூரில் எங்கள் லைன் வீடுகளில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவன் வரத் தயாராகி ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான்தான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் 2021-இல் பத்தாம் வகுப்பு. கொரோனாவால் அந்த வருடம் எல்லாரையும் தேர்வு இல்லாமலே பாஸ் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒன்பதாவதிலும் அப்படித்தான். இரண்டு வருடம் முழுப் பரீட்சையே பார்க்காத பிள்ளை, 2022 மே மாதம் நேராகப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் போய் உட்கார்ந்தான். கணக்குப்பதிவியலும் வணிகக் கணிதமும் போய்விட்டன. அரியரோடு பிளஸ் டூ போகலாம் என்று பள்ளியில் சொன்னார்கள், போனான். தீபாவளி நேரம் கம்பெனியில் ஆள் போதாமல் கூப்பிட்டார்கள். பண்டிகைச் செலவுக்கு ஆகும் என்று நான்தான் அனுப்பினேன். பண்டிகை முடிந்தும் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அதில் ஒருவன் என் மகன். என் வேலை இடத்தில், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனால் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். அந்த நேரம் அவன் இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரச் சம்பளத்துக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே கணக்குப் போட்டாயிற்று.

அவனுடைய வகுப்பாசிரியர் இரண்டு முறை போன் செய்தார், ஒரு முறை வீட்டுக்கே வந்தார். "சொன்னா கேக்க மாட்டேங்குறானுங்க சார்" என்றேன். பொய். நான் சொல்லவே இல்லை. ஏற்றுமதி ஆர்டர் குறைந்து, பவர்டேபிள் என்கிற தையல் மெஷினில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. பையன் சனிக்கிழமை கொண்டுவரும் 2,300 ரூபாயில்தான் குழுக் கடன் தவணை போனது. கவரைக்கூடப் பிரிக்காமல் கையில் கொடுப்பான். அவன் ஊதாரித்தனமாகச் செலவு செய்திருந்தால் முதல் மாதமே சண்டை போட்டுப் பள்ளிக்கு விரட்டியிருப்பேன். பொறுப்பாக இருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

சட்டமும் இந்த வயதில் கையை விட்டுவிடுகிறது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். 14 முடிந்த பிள்ளையை ஆபத்தில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது தொழிலாளர் சட்டம். அப்படியானால் 17 வயதுப் பையன் படிப்பதா வேண்டாமா என்பது முழுக்க வீட்டு வரவு செலவுதான் முடிவு செய்கிறது. இது தவறு என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் அந்தச் சட்டம் நீள வேண்டும். அது வரும்வரை வீட்டில் இருக்கிற நாம்தான் பார்த்தாக வேண்டும்.

போன வருடம் டிசம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்: "அம்மா, வெளியில இருந்தே எழுதலாம்னு சார் சொன்னாரு. நான் நின்னுட்டா குழுவுக்கு என்னம்மா பண்ணுவீங்க?" படிப்பு வருமா என்ற பயம் அவனுக்கு இல்லை, எங்கள் தவணையை நினைத்துத்தான் பயம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரேயடியாக நிறுத்த எங்களால் முடியவில்லை. நான் ஒன்றரை ஷிப்ட் பார்க்க ஆரம்பித்தேன், போட்டுக்கொண்டிருந்த சீட்டை நிறுத்தினேன். அவன் மார்ச் வரை வாரம் மூன்று நாள் போனான், பிறகு முழுதாக நின்றான். தனித்தேர்வருக்கு சேவை மையத்தில்தான் பதிய வேண்டும். கெடு தாண்டினால் தட்கல் என்று கூடுதலாக 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள், அதனால் முதல் நாளே போய்விட்டோம். ஒரு அலுவலகத்தில் இருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "இத்தனை நாள் எங்கடா சுத்திட்டு இருந்தே?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சம்பாதிச்சுக் குடும்பத்தைப் பாத்துட்டு இருந்தானுங்க சார்" என்று நான் சொன்னேன். அன்றைக்கு வீடு வரும்வரை அவன்தான் பேசிக்கொண்டே வந்தான்.

நானும் ஒரு நாள் வாய் தவறி, ஒரு வருசம் வீணாப்போச்சே சாமி என்றேன். "பாப்பாவுக்குக் கண்ணாடி அந்தக் காசுலதானம்மா வாங்குனோம்" என்றான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் வரவில்லை. வீண் என்பதும் சரியில்லைதான். பற்று வரவு என்றாலே மிரண்டவன், கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதிப் பழகியதால் இப்போது பேரேட்டைத் தானாகப் போடுகிறான். வணிகக் கணிதத்துக்கு எதிர் வீட்டு பி.காம். படிக்கும் பெண் ராத்திரியில் சொல்லிக்கொடுத்தாள். முதல் மாதம் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து போனான். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும், கணிதம் மட்டும் சந்தேகம் என்கிறான். நேற்றுச் சனிக்கிழமை. பழைய கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார்: ஆர்டர் வந்திருக்கிறது, பையனை அனுப்புங்கள், கூலியும் கூட்டித் தருகிறோம் என்று. இந்த மாதம் வாடகையே பாக்கி. அவனிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சிக்கண்ணா காலேஜ்ல பி.காம். சீட் மிச்சம் இருக்குமாம்மா?" என்றான். திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்.